ராயபுரம் ஸ்டேஷனில் ஒரு அரை மணி நேரம்

சென்னை பீச் ஸ்டேஷனில் ஏறி கும்மிடிப்பூண்டி வண்டியில் போகிற எனக்கு ராயபுரம் என்றால் பீச்சுக்கு அடுத்த நிறுத்தம், அவ்வளவுதான். ஐந்து வருஷமாக அந்த வழியில் போய் வருகிறேன், ஒரு நாள்கூட அங்கே இறங்கியதில்லை. போன வாரம் காலையில் அந்தப் பக்கம் ஒரு வேலை, முடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தால் வண்டி கண்ணெதிரே கிளம்பிப் போகிறது. அடுத்ததற்கு அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். சரி, ஜன்னல் வழியாகவே பார்த்துப் பழகிய அந்தச் சிவப்புக் கட்டடத்தைக் கிட்டே போய்ப் பார்த்துவிடலாம் என்று நடந்தேன்.

1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்த ஸ்டேஷன் அது. ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரைக்கும், சுமார் 100 கிலோமீட்டர் ஓடியது. மும்பையின் போரிபந்தர் ஸ்டேஷனும் கொல்கத்தா பக்கத்து ஹௌராவும் இதற்கு மூத்தவை, ஆனால் அங்கே அந்தப் பழைய கட்டடங்கள் போய்விட்டன. நாட்டில் இன்றைக்கும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் இதுதான் ரொம்பப் பழையது.

ஏன் ராயபுரம் என்பதற்கு அந்தக் காலத்துக் கடற்கரையை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது, கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, சரக்கெல்லாம் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். வியாபாரிகள் இருந்ததும் பக்கத்திலேயே, இன்றைய ஜார்ஜ் டவுனில். 1873-ல் சென்ட்ரல் வந்தது, அப்புறம் கூட்டம் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போய்விட்டது. 2005-ல் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள்.

நான் போனபோது பெரிய கதவு சாத்தியிருந்தது. வெளியே வரிசையாக நிற்கிற உருண்டைத் தூண் ஒன்றில் கை வைத்துப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் பெயிண்ட் உரிந்து, அதற்கு உள்ளே இன்னொரு நிறம், அதற்கும் உள்ளே சுண்ணாம்பு. காலை வெயிலிலும் தூண் சில்லென்று இருந்தது.

பிளாட்பாரத்துக்குத் திரும்பினால், காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா அன்னக்கூடையைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தார். கூடைக்கு அடியில் ஐஸ் உருகி தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. “இன்னாபா, போட்டோ எடுக்க வந்தியா?” என்றார். சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்றேன். “பாரு, பாரு. எங்க ஆயா காலத்துலயே அது பழைய ஸ்டேஷன்தான். எங்களுக்கு இங்க ஒரு வெளியூர் வண்டி வந்தா போதும்பா.”

அவர் சொன்னது நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. ராயபுரத்தை மறுபடியும் பெரிய முனையமாக்குங்கள் என்று வடசென்னைக்காரர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயிலையே வழியனுப்பின ஊர், இன்றைக்கு அங்கே இருக்கிறவர்கள் மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் சென்ட்ரலுக்கோ எழும்பூருக்கோ தாம்பரத்துக்கோ அலைய வேண்டியிருக்கிறது. பழைய கட்டடத்தையும் பூட்டி வைக்காமல், வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள் உள்ளே நிழலில் உட்காரும்படி திறந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வண்டி வந்தது. “ஒரு கை புடிப்பா” என்றார் அந்த அம்மா. கூடை நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு கனம். கொருக்குப்பேட்டையில் இறக்கவும் நான்தான் பிடித்தேன்.