இடையன்குடியில் ஒரு ஞாயிறு

"ஏல, முதல் மணி அடிச்சாச்சு, வெரசா நட" என்று பெரியம்மா முன்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். எழுபது வயது. எனக்கோ திசையன்விளையில் பஸ் மாறும்போதே செருப்புக்குள் புகுந்த தேரிக்காட்டுச் செம்மணல் உறுத்திக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த அலுப்பு வேறு. 1841-ல் மிஷனரி கால்டுவெல் (பாதிரியாரை இங்கே ஐயர் என்றுதான் சொல்வோம்) சென்னையிலிருந்து நீலகிரியெல்லாம் சுற்றி நடந்தே இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார் என்பது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் மணிக்குள் உள்ளே போய்விட்டோம். பரிசுத்த திரித்துவ ஆலயம். உச்சி கூம்பிய உயரமான ஜன்னல்கள், அதன் வழியே விழும் காலை வெயில். பீடத்துக்குக் கீழேதான் ஐயரின் கல்லறை. 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். கொத்தனார்களுக்கு ஜன்னல் வேலைப்பாடு புரியவேண்டும் என்று அவரே களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். 1847-ல் தொடங்கிய கட்டடம், பிரதிஷ்டை ஆனது 1880 ஜூலையில். 33 வருஷம்! அஸ்திவாரம் போட்டபோது பிறந்த பிள்ளை தன் பிள்ளையோடு பிரதிஷ்டைக்கு வந்திருக்கும்.

ஆனால் சபை அத்தனை வருஷம் காத்திருக்கவில்லை. அவர் வருவதற்கு முன்பே இங்கே சிறு சபை ஒன்று இருந்தது. அந்தக் காலத்து நெல்லைச் சீமைக் கிராமங்களில் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பெரும்பாலும் ஒரே பனையோலைக் கூரைதான். வாரநாளில் பிள்ளைகள் மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகிய அதே தரையில் ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் முழங்கால் போடுவார்கள், உபதேசியார்தான் வாத்தியாரும். எனக்கென்னவோ இந்தக் கல் கோபுரத்தைவிட அந்த ஓலைக்கொட்டகை மேல்தான் மனசு போனது. ஜெபத்தில் கண்ணை மூடினாலும் அதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஐயர் ஊருக்குத் தெரு வகுத்தார், கிணறு வெட்டினார், எல்லாம் சரி. ஆனால் நாடார் மக்களைப் பற்றி 1849-ல் அவர் தாழ்வாக எழுதியது எங்கள் ஆட்களைப் பின்னாளில் நன்றாகவே கோபப்படுத்தியது, அந்தக் கோபம் நியாயமானதுதான். கல்லறை முன்னால் நின்றபோது நன்றியும் அந்த நெருடலும் சேர்ந்தேதான் வந்தன.

ஐயரின் மனைவி எலைசா அம்மையாரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் ஐயரின் மகளாகத் தமிழ் கேட்டே வளர்ந்தவர். அவருடைய தாயார் மார்த்தா அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தவர். 1844-ல் கல்யாணமாகி இங்கே வந்த மகளும் அதையே செய்தார்: பெண்பிள்ளைகளுக்கு எழுத்து, கூடவே லேஸ். பனையேறும் குடும்பத்துப் பெண்ணின் கையில் அவள் பின்னிய லேஸுக்குக் காசு வந்தால் வீட்டில் அவள் பேச்சு எடுபடும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆராதனை முடிந்து, காணிக்கைப் பையில் போட மறந்த நோட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஐயர் வாழ்ந்த வீட்டையும் பார்த்தோம். அரசாங்கம் 2011-ல் நினைவு இல்லமாக்கியிருக்கிறது. அப்புறம் பள்ளிக்கூடம். பூட்டியிருந்தது. பெரியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"ரெண்டாவது வரிசையில இருந்தேன். அஞ்சாவதோட நிறுத்திட்டாவ" என்றார்கள். அப்புறம், "பதநீர் குடிக்கியா?" என்று கேட்டுவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.