வளைஞ்ச அம்பு

என் ஸ்டூடண்ட்டோட டாக் ஸ்லைட்ல, கேலக்ஸிக்குள்ள கேஸ் வருதுன்னு காட்டுன சிவப்பு அம்புக்குறிய எடுக்கச் சொன்னது நான்தான். சரியாத்தான் சொன்னேன்னு இப்பவும் நினைக்கிறேன், ஆனா அவ திருப்பிக் கேட்டது மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. "அப்போ கேஸ் உள்ள வருதா வெளிய போகுதான்னு நாம சொல்லவே போறதில்லையா சார்?"

புனே பக்கத்துல இருக்கிற ஜிஎம்ஆர்டி ரேடியோ டெலஸ்கோப்போட டேட்டா, 21 செ.மீ. ஹைட்ரஜன் லைன், அதாவது ஹைட்ரஜன் கேஸ் அனுப்புற ரேடியோ அலை. ஒரு கேலக்ஸி ஓரமா மங்கலா ஒரு கேஸ் மேகம், கேலக்ஸிய விட வேகமா நம்மள விட்டு விலகுது. அது கேலக்ஸிக்கு முன்னாடி இருந்தா உள்ள விழுதுன்னு அர்த்தம், பின்னாடி இருந்தா வெளிய ஓடுது, நம்பர் என்னவோ ரெண்டுக்கும் ஒண்ணுதான். கேலக்ஸியோட வெளிச்சத்த மறைக்கிற அப்சார்ப்ஷனா கிடைச்சிருந்தா முன்னாடிதான் இருக்குன்னு அடிச்சுச் சொல்லலாம். எங்களுக்குக் கிடைச்சது வெறும் எமிஷன், மேகம் தானா விடுற அலை, முன்னாடியா பின்னாடியான்னு அது சொல்லாது.

அவ பக்கமும் நியாயம் இருக்கு. நம்ம பால்வீதி வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு சூரியன் அளவு கேஸ நட்சத்திரமா மாத்துது, இருக்கிற கையிருப்பு சில நூறு கோடி வருஷம்தான் தாங்கும், ஆனா ஆயிரம் கோடி வருஷமா கடை ஓடுது, அப்போ எங்கிருந்தோ சரக்கு இறங்கிட்டேதான் இருக்கணும். ஹப்பிள் டேட்டா வச்சு 2019ல போட்ட கணக்குலயும் பால்வீதிக்கு வரவு வருஷத்துக்குக் குறைஞ்சது 0.53 சூரியன், செலவு 0.16. சரி, ஊருக்கே வரவுதான்னா இந்த மேகமும் வரவுதானா? என்.ஜி.சி. 253ங்கற இன்னொரு கேலக்ஸில 2013ல சிலியில இருக்கிற அல்மா டெலஸ்கோப் பாத்தது நேர் எதிர், நட்சத்திரமா மாறுற அளவுக்காவது கேஸ் வெளிய கொட்டிட்டிருந்துச்சு.

விடாம ஸ்மித் மேகத்த இழுத்தேன், நம்ம பால்வீதிய நோக்கி வர்ற ஒரு கேஸ் மேகம் அது. 1963ல கண்டுபிடிச்சது, சந்தேகமே இல்லாம உள்ள வருது, இன்னும் சுமார் 3 கோடி வருஷத்துல பால்வீதியோட தட்டுல வந்து மோதும். வெளியிலருந்து வர்ற புது கேஸா இருக்கலாம்னு நினைச்சுட்டிருந்தாங்க, ஆனா 2016ல சல்ஃபர் அளந்து பாத்தா சூரியன்ல இருக்கறதுல பாதி அளவு. நட்சத்திரம் சமைச்ச கேஸ் அது, இங்கிருந்தே கிளம்பிப் போய்த் திரும்ப விழுது போல. அப்போ அத வரவுன்னு எழுதறதா, பழைய பாக்கின்னு எழுதறதா?

"அதுவும் அம்புதானே சார், வளைஞ்ச அம்பு."

சிரிச்சுட்டேன். ஆனாலும் ஸ்லைட்ல கேள்விக்குறிதான் போச்சு. ஜாக்கிரதையா, பயமான்னு கேட்டா, முதல் டாக்லயே ஒரு சீனியர்கிட்ட அவ மாட்டிக்கக்கூடாதுன்னுதான்னு சொல்லுவேன், அதுல பாதி உண்மை. அம்பு இருந்திருந்தா யாராவது சண்டைக்கு வந்திருப்பாங்க, அந்தச் சண்டையிலயே அப்சார்ப்ஷனுக்கு எந்த டெலஸ்கோப்ல டைம் கேக்கணும்னு தெரிஞ்சிருக்கலாம். டாக் முடிஞ்சு கேள்வியெல்லாம் டேட்டால நாய்ஸ் எவ்ளோ, டெலஸ்கோப் எவ்ளோ நுணுக்கமா பாக்கும்னு சொல்ற பீம் சைஸ் என்னன்னுதான் வந்துச்சு, மேகத்தப் பத்தி ஒருத்தரும் கேக்கல.