எஸ்.பி.எல். தேர்வு: வேலை முதலில், பேட்ஜ் கடைசியில்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எஸ்.பி.எல். எனப்படும் மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுத்து முடித்துவிட வேண்டும் என்று ஓர் அவசரம் வந்துவிடும். அப்படித் தேர்வாகிறவர் பெரும்பாலும் உரத்த குரல் உள்ளவராகவோ முதல் ரேங்க் வாங்குபவராகவோ இருப்பார். காவிரி டெல்டாவின் மிஷன் பள்ளிகளில் வேலை செய்யும் நாங்கள் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டோம்: முதலில் வேலை, பிறகு ஓட்டு, கடைசியில் பேட்ஜ்.

9, 11ஆம் வகுப்புகளில் பெயர் கொடுக்கும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் தகுதி வேண்டாம். பெயர் வாங்கும் அன்றே பைபிளின் மாற்கு 10ஆம் அதிகாரத்தைச் சொல்லிவிடுவது நல்லது. வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்கார இடம் கேட்டு வந்த சீடர்கள் யாக்கோபும் யோவானும் காரணமாக, பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடை செய்கிறவனாக இருக்க வேண்டும் என்று இயேசு சொன்னது பிற சமயப் பிள்ளைகளுக்கும் உடனே புரிகிறது. 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதிலிருந்து இந்தப் பகுதியில் மிஷன் பள்ளிகள் உண்டு; எல்லாச் சமயப் பிள்ளைகளும் அவற்றில் படிக்கிறார்கள். அதனால் லீடர்கள் பதவியேற்கும்போது சொல்லும் உறுதிமொழியை யாரும் மனசாட்சி உறுத்தாமல் சொல்லும்படி எழுதுங்கள்.

அடுத்த நான்கு வாரமும் பேட்ஜ் இல்லாமல் வேலை. காலையில் வாசலில் நின்று சின்னப் பிள்ளைகளைச் சாலை தாண்ட விடுவது, குடிநீர் டிரம்மையும் டம்ளரையும் பார்த்துக்கொள்வது, சத்துணவு வரிசை, கடைசி மணி அடித்ததும் ஃபேன், லைட், ஜன்னல். வாரம் ஒரு வேலையாக மாற்றிக் கொடுங்கள். சத்துணவில்தான் ஆளின் குணம் தெரியும். கரண்டியைக் கையில் கொடுத்தால் முட்டை நண்பன் தட்டுக்கு முதலில் போகும். ஆகவே பரிமாறுவது சமையலரின் வேலையாகவே இருக்கட்டும். சூடான அண்டாவையும் பிள்ளைகள் தூக்கக் கூடாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தட்டு எடுத்துக் கொடுத்து, உட்கார வைத்து, தான் கடைசியாகச் சாப்பிட உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

கழிப்பறை கழுவ மாணவர்களை விடவே கூடாது. வகுப்பறை கூட்டுவதிலும் கவனம் வேண்டும். யார் கூட்டுவது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டால், சேவை என்ற பெயரில் துடைப்பம் எப்போதும் ஒரே தெருப் பிள்ளைகளின் கைக்குப் போகும், அல்லது பெண் பிள்ளைகளின் கைக்குப் போகும். பெயர்களை அகர வரிசையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முதல் நாள் துடைப்பம் லீடர் கையில்.

ஓட்டுக்கு முன்னால் ஆயா, வாட்ச்மேன், சத்துணவு அமைப்பாளர் மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். டீச்சர் இல்லாதபோது யார் எப்படி நடந்தார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். மூவரில் ஒருவராவது பெயர் சொன்னவரே ஓட்டுச்சீட்டில் ஏறட்டும். கை தூக்கச் சொல்லாதீர்கள்; யார் யாருக்குக் கை தூக்கினார்கள் என்பது அன்று மாலை பஸ்ஸிலேயே சண்டையாகிவிடும். மடித்த சீட்டுதான் சரி. ஓர் ஆண், ஒரு பெண். பதவியேற்பில் ஃப்ளெக்ஸ் பேனர், பொன்னாடை, பட்டாசு எதுவும் வேண்டாம்.

இனி சாக்பீஸ். இதில்தான் அதிகம் கெடுகிறது. ஆசிரியர் வராத பீரியடில் லீடர் கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று கோடு போட்டுப் பெயர் எழுதுவது நம் பள்ளிகளின் பழைய வழக்கம். மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. நெருங்கிய நண்பன் கெஞ்சினால் பெயர் அழியும். நேற்றுக் கபடியில் தோற்கடித்தவன் பெயர் வாயே திறக்காமல் ஏறும். ஆசிரியர் வந்ததும் அந்தப் பட்டியல்படி தண்டனை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்க, அதற்குப் பட்டியல் போடும் வேலையை ஒரு பிள்ளையிடம் கொடுப்பது பெரிய தவறு. அந்தப் பிள்ளையை அது அதிகாரிக்குக் கையாளாக்குகிறது. வகுப்பும் அவனை நம்பாது.

கோட்டின் மேலே ‘சந்தேகங்கள்’ என்று எழுதச் சொல்லுங்கள். யாருக்கு எந்தக் கணக்கு வரவில்லையோ அதன் எண்ணை மட்டும் லீடர் எழுதுவார், பெயர் எழுத மாட்டார். தெரிந்தவர் எழுந்து வந்து போட்டுக் காட்டலாம். மிச்சத்தை ஆசிரியர் வந்து நடத்துவார். முதல் வாரம் சத்தம் கூடத்தான் செய்யும், ஹெச்.எம். பொறுத்துக்கொள்ள வேண்டும். கைகலப்பு வந்தால் லீடர் நடுவில் புகக் கூடாது. இரண்டு பேரைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் அனுப்புவதோடு அவர் பொறுப்பு முடிகிறது.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம். அப்போது வேலை கூடும். கிராமத்து டவுன் பஸ் தாமதமானால் அந்தப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி விசாரிக்காமல், எந்த வழித்தட பஸ் வரவில்லை என்று ஒரே சீட்டில் எழுதி அலுவலகத்தில் கொடுத்தால் போதும். வராந்தாவில் பாசி பிடித்த இடத்தில் பெஞ்சைக் குறுக்கே போடுவதும் லீடர்களின் வேலைதான்.

ஒவ்வொரு லீடருக்கும் 80 பக்க நோட்டு ஒன்று. அதில் யார் தப்பு செய்தார்கள் என்று எழுதக் கூடாது; எது குறைந்தது, யாரிடம் சொன்னோம், சரியானதா என மூன்று கட்டம் மட்டும். வெள்ளிக்கிழமை மதியம் 15 நிமிடம் பொறுப்பாசிரியர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆசிரியர் இரண்டு வாரம் பார்க்காவிட்டால் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். ஆண்டுத் தேர்வு தொடங்கும் முன்பே நோட்டைத் திருப்பி வாங்கிவிடுங்கள். ஜூனில் புதிதாகப் பெயர் கொடுப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.