கோத்தகிரித் திண்ணையில் தீர்ந்த பயம்

சென்ற வருடம் இங்கிலாந்தில் வேலைக்கு நடுவே ஜைரோபிளேன் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். மற்ற பாடங்கள் எல்லாம் ஓரளவு சுலபமாகவே வந்தன. நன்றாகச் சாய்த்துத் திரும்பும் பாடத்தில் மட்டும் மூன்று முறை நின்றுவிட்டேன். மூன்றாவது முறைக்குப் பிறகு விடுப்பில் கோத்தகிரிக்கு வந்தேன். எங்கே தப்பு செய்தேன் என்பது எனக்கு வானத்தில் விளங்கவில்லை, சித்தப்பா வீட்டுத் திண்ணையில்தான் விளங்கியது. இந்தப் பாடத்தில் தடுமாறும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜைரோபிளேன் என்பது ஹெலிகாப்டர் மாதிரி தலைக்கு மேல் இறக்கைகள் சுற்றும் சின்ன விமானம். அந்தச் சுற்றும் இறக்கைகள்தான் ரோட்டர். அதைப் பறக்கும்போது என்ஜின் சுற்றுவதில்லை. பின்னால் இருக்கும் விசிறி வண்டியை முன்னே தள்ளும். ரோட்டர் கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் எதிர்க்காற்று அடியிலிருந்து மேலே புகுந்து போகும், அந்தக் காற்றே அதைச் சுற்றும். 1923ல் ஹுவான் டி லா சியர்வா மாட்ரிட் அருகே பறக்கவிட்ட வண்டியிலும் இதே அடிப்படைதான். அதனால் ரோட்டர் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ தனியாக ஒரு கைப்பிடி கிடையாது.

அந்த மூன்றாவது முறை நடந்தது இது. சுமார் 2,000 அடி உயரம், மணிக்கு 70 மைல் வேகம். நேராகப் போகும்போது ரோட்டர் வேகம் காட்டும் முள் நிமிடத்துக்கு 350 சுற்றில் நின்றது. இடதுபக்கம் ஏறக்குறைய 45 டிகிரி சாய்த்து, ரோட்டரைச் சாய்க்கும் கைத்தடியான ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தேன். உடம்பு இருக்கையில் அழுந்தியது. முள் 380, 400, 420 என்று ஏறியது. எங்கள் வண்டிக்குச் சிவப்புக் கோடு, அதாவது தாண்டக் கூடாத வரம்பு, 550. அதற்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தும் என் கண் முள்ளை விட்டு நகரவில்லை. பயந்து சட்டென்று சாய்வை நிமிர்த்தினேன். நிமிர்ந்ததும் வண்டி தானாக மேலே எழும்பியது. அதை அடக்க ஸ்டிக்கை முன்னால் தள்ளினேன். இருக்கையிலிருந்து உடம்பு லேசாகி பெல்ட்டில் தொங்கியது. அந்த நொடியே பயிற்சியாளர் வண்டியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். த்ராட்டிலை, அதாவது என்ஜின் வேகத்தை, குறைத்து ஸ்டிக்கை மெதுவாகப் பின்னால் கொண்டுவந்தார். தரையிறங்கும் வரை இருவரும் பேசவில்லை.

சித்தப்பா விமானப்படையில் சேத்தக் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஜைரோபிளேனை அவர் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஹெலிகாப்டர்ல என்ஜின் நின்னு இறங்கும்போது திரும்பினா ரோட்டர் வேகம் ஏறும் கண்ணு. கலெக்டிவை, அதான் இறக்கைக் கோணத்தை மாத்துற கைப்பிடியை, தூக்கி அடக்குவாங்க. உன் வண்டியில அந்தக் கைப்பிடியே இல்லைங்கற. அப்ப அதை எது அடக்குது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரமாகப் புத்தகத்தைப் புரட்டியும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை வெட்டி, இரண்டு காதுகளை எதிரெதிராக மடித்து, அடியில் ஒரு ஜெம் கிளிப் மாட்டினார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்திருப்போம், விட்டால் சுற்றிக்கொண்டே இறங்கும். தேயிலைச் சரிவைப் பார்த்த மாடியிலிருந்து, காற்று ஓய்ந்திருந்த காலை நேரத்தில், அதை விட்டோம். தங்கை கீழே நின்று செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்தாள். எண்ணிப் பார்த்தால் நொடிக்கு ஏறக்குறைய 8 சுற்று. மொத்த எடை இரண்டு மடங்கு ஆகும்வரை கிளிப் சேர்த்து மறுபடி விட்டோம். 16 வரும் என்று நினைத்தேன், 11தான் வந்தது.

அந்த 11ல்தான் எனக்கு விடை கிடைத்தது. சுமை இரண்டு மடங்கானால் சுற்று இரண்டு மடங்காவதில்லை, அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 1.41 மடங்கு மட்டும் ஏறுகிறது. திருப்பத்திலும் இதே கணக்குதான். 45 டிகிரி சாய்ந்து உயரம் விடாமல் திரும்பினால் ரோட்டர் சுமப்பது வண்டி எடையின் 1.41 மடங்கு. அதன் வர்க்கமூலம் 1.19. என் 350 அங்கே 416 ஆகும். 60 டிகிரியில் சுமை சரியாக இரண்டு மடங்கு, முள் 495. நான் பார்த்துப் பயந்த 420 கோளாறே இல்லை, அந்தச் சாய்வுக்கு வந்தே ஆகவேண்டிய எண்.

சித்தப்பா இன்னும் ஒரு படி போனார். இறக்கையை வெளிப்பக்கம் இழுக்கும் விசை சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். சுற்று 1.41 மடங்கானால் அந்த இழுவிசை இரண்டு மடங்கு. தூக்க வேண்டிய சுமையும் இரண்டு மடங்கு. அதனால் திருப்பத்தில் இறக்கைகள் மேல்நோக்கி மடங்கும் கோணம் கிட்டத்தட்ட மாறாமல் அப்படியே இருக்கும். ரோட்டர் தனக்குத் தேவையான விறைப்பைத் தானே தேடிக்கொள்கிறது. இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. நான் சண்டை போட்டுக்கொண்டிருந்த வண்டி என்னைக் காப்பாற்றத்தான் வேகமெடுத்திருக்கிறது.

அப்படியானால் சிவப்புக் கோடு எதற்கு? அந்த இழுவிசையை, இறக்கைகள் சேரும் நடுப்பகுதியான ஹப்பும் போல்ட்டுகளும் தாங்கவேண்டும். இறக்கை நுனியின் வேகமும் இருக்கிறது. 8.4 மீட்டர் விட்டமுள்ள ரோட்டர் 550ல் சுற்றினால் நுனி நொடிக்கு 242 மீட்டர் போகும். முன்னால் வரும் பக்கத்தில் வண்டியின் வேகமும் அதோடு சேரும். வரம்பு வண்டிக்கு வண்டி மாறும், அவரவர் கையேட்டைத்தான் பார்க்கவேண்டும்.

அடுத்த வாரம் அத்தை வீட்டுக்கு ஊட்டி போனபோதும் காகிதத்தை விடவில்லை. அங்கே காற்று மெலிது, அதனால் இன்னும் வேகமாகச் சுற்றவேண்டும். மேட்டுப்பாளையத்திலும் ஊட்டியிலும் விட்டுப் பார்த்தோம், வீடியோவில் எண்ணி அந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியவில்லை. கணக்கில் பிடித்தோம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம். கடல்மட்டத்தில் 350ல் சுற்றும் ரோட்டர் இங்கே நேராகப் போகும்போதே 390ஐத் தொடும். அதே 60 டிகிரித் திருப்பத்தை ஊட்டிக்கு மேலே போட்டால் 553, சிவப்புக் கோட்டைத் தாண்டிவிடும். பின்னால் ஒருவரை ஏற்றினால் இன்னும் கூடும். உயரம், எடை, சாய்வு மூன்றும் ஒன்றையொன்று பெருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் மலைப்பக்கம் ஜைரோ ஓட்டக் கூடாது.

சரி, மேல்வரம்பு புரிந்தது. ஆனால் பயிற்சியாளர் பதறியது அதற்காக அல்ல. திருப்பத்தில் 420க்கு ஏறிய ரோட்டர், நிமிர்ந்த உடனே 350க்கு இறங்கிவிடாது. கனமான இறக்கைகள், வேகம் வடிய நேரம் பிடிக்கும். அந்த மிச்ச வேகத்தால் வண்டி எழும்புகிறது. அப்போது ஸ்டிக்கைத் தள்ளினால் ரோட்டர் மேலிருந்த சுமை போய்விடும், அதைச் சுற்றிக்கொண்டிருந்த காற்றும் கூடவே குறையும். வேகம் விழும். மிகவும் விழுந்துவிட்டால் திரும்ப ஏற்ற என்ஜினும் இல்லை, கைப்பிடியும் இல்லை. "நீ மாடியையே பாத்துட்டு இருந்திருக்க கண்ணு, படிக்கட்டைப் பாக்கல," என்றார் சித்தப்பா.

திரும்பிப் போனதும் பயிற்சியாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். அவர் நேரே வண்டிக்குக் கூட்டிப்போனார். இந்த முறை இரண்டு எண்ணும் நேரம் எடுத்துச் சாய்த்தேன். வெடுக்கென்று இழுத்தால் வேகம் ஏறுவதற்கு முன்பே சுமை வந்து உட்கார்ந்துவிடும் என்பது இப்போது தெரியும். உயரம் விடாமலிருக்கக் கொஞ்சம் த்ராட்டில் கொடுத்தேன். கண் தொடுவானத்தில், முள்ளுக்கு ஒரே ஒரு பார்வை. 415. நிமிரும்போது, சாய்வு குறையக் குறைய ஸ்டிக்கின் பின் இழுப்பை மட்டும் மெல்லத் தளர்த்தினேன், முன்னால் தள்ளவில்லை. கூட்டிய த்ராட்டிலையும் அதோடு சேர்த்தே எடுத்தேன். வண்டி எழும்பவில்லை. வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு. பாடம் முடிந்தது.

இரவு கோத்தகிரிக்குப் போன் போட்டேன். 415 என்று சொன்னதும் சித்தப்பா, "அது இருக்கட்டும், வெளிய வரும்போது எவ்வளவு?" என்று கேட்டார்.

"345க்குக் கீழ போகவே இல்லைங்க சித்தப்பா."

"சரி, சாப்பிட்டியா?" என்றார்.