கல்லறைக் காவலாளியும் ஆறு துண்டுச்சீட்டும்

நாங்கள் நாலு பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு கார்டு கேம் செய்துகொண்டிருக்கிறோம். பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம், பழைய சீட்டுகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, முன்னால் பேனாவால் எழுதிய துண்டுச்சீட்டைச் செருகி விளையாடுகிறோம், அவ்வளவுதான். அதில் கல்லறைக் காவலாளி என்று ஒரு கார்டு, நான் எழுதியது. விலை 2 நெருப்பு (கார்டைப் போடக் கொடுக்கிற காசு மாதிரி), தாக்குதல் 2, உயிர் 3, கீழே ஒரே வரி: 'உன் உயிரி ஒன்று செத்தால் ஒரு கார்டு எடுத்துக்கொள்.' சண்டையில் ஆளை இழந்தவனுக்கு ஒரு ஆறுதல் பரிசு, எழுதும்போது என் மனதில் இருந்தது இதுதான்.

நண்பன் ஒருவன் அதைக் கையில் வாங்கிய முதல் நாளே என் நினைப்பு காலி. அவன் சண்டைக்கே போகவில்லை. நாலாவது சுற்று, கையில் 4 நெருப்பு. காவலாளிக்கு 2, பலிபீடத்துக்கு 1 (உன் உயிரி ஒன்றைப் பலி கொடுத்தால் எதிராளிக்கு 1 அடி, எப்போது வேண்டுமானாலும்), எலிப்படைக்கு 1, அது மேசையில் மூன்று எலிகளை இறக்கும். மூன்று எலிகளையும் வரிசையாகப் பலி கொடுத்தான். எனக்கு 3 அடி, அவனுக்கு 3 கார்டு. செலவழித்தது மூன்று கார்டு, திரும்பி வந்தது மூன்று கார்டு, காவலாளியும் பலிபீடமும் மேசையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அடுத்த சுற்றில் இரண்டாவது காவலாளியும் வந்தது. இப்போது ஒரு எலி செத்தால் இரண்டு கார்டு. நான் என் முறை வருவதற்குள் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்திருக்கலாம்.

தோற்ற கடுப்பில் கார்டைக் குறை சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம், ஏனென்றால் அவன் என்னைவிட நன்றாக விளையாடுவான். அதனால் சீட்டுக்கட்டை மாற்றிக்கொண்டோம். அதே கட்டை வைத்து பத்து ஆட்டத்தில் ஏழில் நான் ஜெயித்தேன். அவனிடம் நான் ஏழு ஆட்டம் ஜெயிப்பது நடக்கிற காரியமில்லை. அப்புறம் இன்னொன்றையும் கவனித்தேன், மற்ற இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் தங்கள் கட்டில் காவலாளியைச் சேர்த்திருந்தார்கள், ஒருத்தன் கட்டில் எலியே கிடையாது, இருந்தும் சேர்த்திருந்தான். எந்தக் கட்டாக இருந்தாலும் யோசிக்காமல் உள்ளே போகிற கார்டில் கோளாறு இருக்கிறது என்பதற்கு எனக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

எல்லாரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன், விலையை ஏற்றினேன். இரண்டாவது துண்டுச்சீட்டில் 3 நெருப்பு. நாலாவது சுற்றில் நடந்தது ஐந்தாவது சுற்றில் நடந்தது. அதையே அடித்து 4 என்று எழுதினேன், ஆறாவது சுற்றில் நடந்தது. 5 ஆக்கியதும் யாரும் கட்டில் வைக்கவே இல்லை. நடுவில் சரியான எண் என்று ஒன்று கிடையவே கிடையாது, ஒன்று ஆட்டத்தையே தின்கிற கார்டு, இல்லையென்றால் குப்பை.

எண்ணை மாற்றினால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு 1993-இல் வந்த மேஜிக் த கேதரிங் என்ற கார்டு விளையாட்டின் முதல் தொகுப்பைக் காட்டலாம். ஒரு மானா (எங்கள் நெருப்பு மாதிரி) கொடுத்தால் எதுவானாலும் மூன்று என்கிற கணக்கில் ஐந்து கார்டுகள் அதில் இருந்தன. லைட்னிங் போல்ட் 3 அடி, ஜயன்ட் குரோத் ஒரு உயிரிக்கு +3/+3 (முதலாவது தாக்குதல், இரண்டாவது உயிர்), டார்க் ரிச்சுவல் 3 மானா, ஹீலிங் சால்வ் 3 உயிர், ஆன்செஸ்ட்ரல் ரீகால் 3 கார்டு. ஐந்திலும் விலை ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான். இன்றைக்கு ஹீலிங் சால்வை யாரும் சீண்டுவதில்லை, ஆன்செஸ்ட்ரல் ரீகாலோ அந்த விளையாட்டின் மிக வலிமையான கார்டுகளில் ஒன்று. மூன்று அடி மூன்று அடியோடு தீர்ந்துவிடுகிறது, மூன்று கார்டு என்னவாக வேண்டுமானாலும் ஆகலாம்.

என் கார்டுக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு, ஸ்கல்கிளாம்ப். அதே மேஜிக்தான், 2004 பிப்ரவரியில் வந்தது. ஒரு மானா விலை, மாட்ட இன்னொரு மானா, மாட்டிய உயிரிக்கு +1/-1, அது செத்தால் இரண்டு கார்டு. அந்த -1-ஐப் பார்த்தால் ஒரு குறை மாதிரி இருக்கும். ஆனால் உயிர் 1 உள்ள பொடிசு ஒன்றுக்கு மாட்டினால் மாட்டின கணமே அது செத்து, ஒரு மானாவுக்கு இரண்டு கார்டு கையில் வந்துவிடும். ஜூன் மாதமே ஸ்டாண்டர்ட் என்கிற போட்டி முறையில் தடை செய்தார்கள். அதைப் பற்றி முன்பே படித்திருக்கிறேன், படித்துவிட்டும் காவலாளியை எழுதினேன் பாருங்கள்.

சரி, மூன்றாவது துண்டுச்சீட்டு: 'ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மட்டும்.' யூகியோ கார்டு விளையாட்டில் இந்த வாசகத்தைப் பார்க்காமல் ஒரு ஆட்டம் முடியாது. அங்கே மானா மாதிரி செலவுக் கணக்கே கிடையாது என்பதால் கடிவாளத்தைக் கார்டின் வரியிலேயே எழுதியாக வேண்டும். போகிமான் கார்டு விளையாட்டில் அதையும் விட அழகாகச் செய்தார்கள். பழைய ப்ரொஃபசர் ஓக் கார்டு, கையில் இருப்பதைக் கழித்துவிட்டு 7 கார்டு எடுக்கச் சொல்லும், ஒரே சுற்றில் எத்தனை ஓக் வேண்டுமானாலும் போடலாம். பின்னாளில் வந்த ப்ரொஃபசர்ஸ் ரிசர்ச் செய்வதும் அதே வேலைதான், ஆனால் அது சப்போர்ட்டர் வகை, சுற்றுக்கு ஒரு சப்போர்ட்டர்தான் போட முடியும். ஒரு எண்ணைக்கூடத் தொடவில்லை.

எங்கள் காவலாளியும் அடங்கினான், மறுப்பதற்கில்லை. ஆனால் சப்பென்று ஆகிவிட்டான். ஒரு எலியைக் கொல், ஒரு கார்டு எடு, முறையை முடி. முதல் நாள் அதை வைத்து என்னை நாறடித்தவனே, 'இதுக்கு நீ கார்டைக் கிழிச்சே போட்டிருக்கலாம்' என்றான்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அந்த ஒற்றை வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். கார்டு எடுப்பது பிரச்சினையே இல்லை. எப்போது சாவது, எத்தனை சாவது என்பதைக் கார்டு வைத்திருப்பவனே முடிவு செய்கிறான், எதிரே இருப்பவனைக் கேட்கவே வேண்டியதில்லை, வெட்ட வேண்டிய இடம் அதுதான். உடனே நாலாவது துண்டுச்சீட்டு: 'எதிராளியின் சுற்றில் செத்தால் மட்டும்.' ரொம்பப் புத்திசாலித்தனமாக எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பலிபீடத்தை எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று எழுதியதும் நான்தான் என்பது மறந்துபோனது. அவன் எலிகளை அப்படியே சேர்த்து வைத்து என் சுற்று வந்ததும் பலி கொடுத்தான், சிரித்துக்கொண்டே.

ஐந்தாவதில் 'சண்டைக் காயத்தால் செத்தால் மட்டும்' என்று எழுதினேன். பலிபீடத்தின் கதை முடிந்தது. பதிலுக்கு வேறொன்று ஆரம்பித்தது: காவலாளி மேசையில் இருந்தால் யாரும் தாக்கவே மாட்டேன் என்கிறார்கள். தாக்கினால் எலி குறுக்கே வந்து நிற்கும், செத்தால் அவனுக்குக் கார்டு, நமக்கு எதற்கு வம்பு? இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துகொண்டே போய், பார்வை பார்த்தபடி, ஒரு ஆட்டம் ஒன்றரை மணி நேரம் ஓடியது. பவர் குறைந்துவிட்டது, ஆனால் அதே கார்டு இப்போது வேறு விதத்தில் எல்லாரையும் படுத்துகிறது.

இப்போது உறையில் இருப்பது ஆறாவது: 'தாக்கப் போன உன் உயிரி சண்டைக் காயத்தால் செத்தால் ஒரு கார்டு எடுத்துக்கொள்.' விலை பழையபடி 2 தான். கார்டு வேண்டுமென்றால் ஆளை அனுப்பியாக வேண்டும், தடுப்பதா வேண்டாமா என்பதை எதிராளி முடிவு செய்வான். தடுத்தால் இவனுக்குக் கார்டு, விட்டால் அவனுக்கு அடி. போன தடவை எலி ஒன்று தன்னந்தனியாக ராட்சசனைப் பார்த்து ஓடியது, நான் அந்த 1 அடியை வாங்கிக்கொள்வதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். இந்த யோசனை இதற்கு முந்தைய ஐந்திலும் ஒரு தடவைகூட வந்ததில்லை.

கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் சுலபம். ஹார்த்ஸ்டோன் என்கிற கம்ப்யூட்டர் கார்டு விளையாட்டில் அண்டர்டேக்கர் என்ற கார்டின் ஆட்டம் தாங்கவில்லை என்றதும் 2015 ஜனவரியில் அதன் +1/+1-ஐ வெறும் +1 தாக்குதலாகக் குறைத்தார்கள், எல்லார் கையிலும் ஒரே நேரத்தில் கார்டு மாறிவிட்டது. அச்சடித்த கார்டில் அந்த வசதி ஏது, தடை செய்யலாம், இல்லை கார்டில் இருப்பது ஒன்றும் விதி வேறொன்றுமாக விளையாடலாம். எங்களுக்குத் துண்டுச்சீட்டு இருக்கிறது, பிழைத்தோம்.

ஆனால் கட்டில் எலியே இல்லாத அந்த நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தப்பு காவலாளி மேல் இல்லையாம், ஒரு நெருப்புக்கு மூன்று எலி கொடுக்கிற எலிப்படையில்தானாம், நாளைக்கு நான் வேறு எந்தக் கார்டு எழுதினாலும் அந்த எலிகள் வந்து மொய்க்குமாம். நேற்று எலிப்படை உறைக்குள் 'இரண்டு எலி' என்று எழுதிய ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. என் கையெழுத்து இல்லை.