பேரன் முன்னால் சொல்ல முடியாத வலி

மலேசியாவில் கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்கள் தெமெங்கோர் ஏரியைப் பார்த்திருப்பார்கள். 1970களில் அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது, அந்தக் காட்டில் இருந்த பூர்வகுடிகள் பலர் மறுகுடியேற்றத் திட்டங்களுக்கு வர நேர்ந்தது. ஜஹாய் மக்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய மொழியைப் பேசுகிறவர்கள் சுமார் 1,000 பேர்தான். நடமாடும் மருத்துவக் குழுவில் தாதியாக அவர்களுடைய கம்பங்களுக்கு, அதாவது கிராமங்களுக்கு, போய்வருகிறேன்.

எங்கள் மருத்துவர் மலாயில் கேட்பார். ஆண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மலாய் நன்றாக வரும், வயதான பெண்களுக்கு அவ்வளவாக வராது. பாட்டி ஜஹாயில் சொல்வதைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பேரன் மலாயில் சொல்வான். காய்ச்சல், இருமல் என்றால் சரி. ஒரு பாட்டி ஒவ்வொரு முறையும் வயிற்று வலி என்றே வந்து மாத்திரை வாங்கிப் போவார். அப்புறம் அதே கம்பத்து இளம்பெண் ஒருவரை உதவிக்கு வைத்தோம். அவர் முதல் வேலையாகப் பையன்களை வெளியே அனுப்பினார். பாட்டி அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு தணிந்த குரலில் நெடுநேரம் பேசினார். அந்தப் பெண் நடுவில் ஏதோ கேட்க, தலையாட்டிவிட்டு இன்னும் சொன்னார். கருப்பை இறங்கியிருந்தது. பல பிள்ளைகள் பெற்ற உடம்பு. அதைப் பேரனிடம் எப்படிச் சொல்வார்?

எங்கள் தோட்டத்துத் தமிழ்ப் பாட்டிகள் கிளினிக்கில் என் முகத்தைப் பார்த்ததுமே, "இங்க வாம்மா, ஒன்னு சொல்லணும்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த நிம்மதி ஜஹாய் பாட்டிக்கும் வேண்டும்.

ஜஹாய் சொல்வளம் இல்லாத மொழியும் அல்ல. வாசனைகளுக்கென்றே அதில் ஏறக்குறைய ஒரு டஜன் சொற்கள் உண்டு. நிறத்தைச் சொல்வதுபோல மணத்தையும் இவர்கள் சட்டென்று சொல்லிவிடுவதை ஆசிஃபா மஜீத், நிக்லாஸ் புரென்ஹுல்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2014இல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கிளந்தானின் சுங்கை ருவாலில், ஜெடெக் என்று தனி மொழியே இருப்பது 2018இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதைப் பேசுவோர் சுமார் 280 பேர்.

ஆள் குறைவு, அதனால் மொழி போய்விடும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் பார்க்கிற தாய்மார்கள் கைக்குழந்தையிடம் ஜஹாயில்தான் பேசுகிறார்கள். வீட்டு வாசலைத் தாண்டினால்தான் அந்த மொழிக்கு வேலை இல்லை. இன்னொரு பூர்வகுடி மொழியான செமாய்க்குச் சில தொடக்கப் பள்ளிகளில் இடம் கிடைத்திருக்கிறது. பூர்வகுடிகளுக்கான அசிக் எஃப்எம் வானொலியில் செமாயும் தெமியார் மொழியும் ஒலிக்கின்றன. ஜஹாய்க்கு மருந்து கொடுக்கும் இடத்திலாவது ஒரு நாற்காலி போடலாமே.

உதவிக்கு வைத்த அந்தப் பெண்ணுக்கு இன்னும் தினக்கூலிதான். குழு வராத நாளில் சம்பளம் கிடையாது. நிரந்தர வேலை கேட்டு எழுதினோம், எஸ்பிஎம் என்ற இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். படிவத்தில் ஜஹாய் தெரியுமா என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. இந்த வேலைக்கு முதல் தகுதியே அதுதான் என்று காரணங்களோடு ஒரு தாள் இணைத்து, மறுபடி அனுப்பியிருக்கிறேன்.