ஷெஃபீல்டு சவரக்கத்திக்குக் கருங்காலிக் கைப்பிடி: ஆப்பு ஒருவழியாக அடங்கியது

கத்தி இப்போது கைப்பிடியின் நட்டநடுவே, இரண்டு பக்கமும் உரசாமல் மடங்குகிறது. வேட் அண்ட் புட்சர் என்ற பழைய ஷெஃபீல்டு நிறுவனத்தின் கத்தி, 7/8 அங்குல அகலம். முத்திரையில் ஷெஃபீல்டு மட்டும்தான், இங்கிலாந்து இல்லை. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1891இல் கட்டாயப்படுத்துவதற்கு முந்தையதாக இருக்கலாம். இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

துரு நீக்கியது வழக்கம்போல: சொரசொரப்பான 220 நம்பரில் தொடங்கி மென்மையான 2000 வரை உப்புத்தாள், கையால் மட்டும். முத்திரைப் பக்கம் 600க்குக் கீழே போகவில்லை. குழி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நேரத்தைத் தின்றது ஆப்புதான், அதாவது கைப்பிடியின் இரண்டு பலகைகளுக்கும் நடுவே வால் முனையில் செருகும் துண்டு. பழையது ஈயம். அதை உலர்வாக அரத்தில் தேய்க்கவே கூடாது, தூசு நஞ்சு. புதிதாகப் பித்தளையில் செய்தது: வால் முனையில் 2.8 மி.மீ., உள்முனையில் 1 மி.மீ. கத்தியின் கழுத்து (சுழலும் ஆணி செல்லும் பகுதி) ஆப்பைவிடத் தடிமன் என்பதால் பலகைகள் லேசாக வில்லாக வளைந்து, அந்த அழுத்தத்தில்தான் கத்தி இறுக்கமாகத் திறந்து மூடும். ஆப்பின் முதுகுப் பக்கமும் வாய்ப் பக்கமும் கால் மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டாலே பலகைகள் முறுக்கிக்கொண்டு, கத்தி முனை ஒரு பக்கம் சாயும். ஆப்பு சரியாக இருந்தும் சாய்ந்தால், பலகைகளின் தடிமனை அளக்க வேண்டும். தடித்த பலகை வளையாது, மெலிந்தது மட்டும் வளையும். இங்கே 3.1, 2.8 என்று இருந்தது. தடித்ததை உட்புறம் தேய்த்து 2.8க்குக் கொண்டுவந்ததும் சாய்வு போய்விட்டது. ஆணிக்கான துளையை, இரண்டு பலகையையும் இருபக்க டேப்பில் ஒட்டி ஒரேயடியாக, டிரில் பிரஸ்ஸில் போடுவதுதான் உத்தமம். கையில் பிடித்த டிரில் நேராகப் போகவே போகாது.

இதெல்லாம் ஆணி அடிப்பதற்கு முன்பே, 0-80 என்ற அளவுள்ள சின்னத் திருகும் நட்டும் போட்டுப் பார்க்க வேண்டிய வேலை. அடித்தபின் சுத்தியலால் தட்டிச் சரிக்கட்டலாம் என்பவர்களை நம்பாதீர்கள். அது மயிரிழை விலகலுக்கு மட்டும்தான் உதவும்.

ஆணிக்கு 1/16 அங்குலப் பித்தளைக் கம்பி. கடையில் 1.5 மி.மீ. கம்பியைத் தலையில் கட்டி, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார்கள். ஒன்றில்லை. 1/16 துளையில் அது சற்று மெலிசு, அந்த இடைவெளியில் கம்பி உள்ளுக்குள்ளேயே வளையும். காலிப்பரோடு போங்கள். வாஷருக்கு மேல் 0.8 மி.மீ. நீட்டி, சின்ன உருண்டைத்தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தட்ட வேண்டும். நடுவில் ஓங்கி அடித்தால் கருங்காலி துளையிலிருந்து நெடுக விரிசல் விடும்.

ஆப்புப் பக்கம் ஆணி முடிந்தது. சுழலும் பக்கம் இன்னும் திருகில்தான் நிற்கிறது. அதற்குள் கை அடுத்ததற்குப் போய்விட்டது: ஜெர்மனியின் ஜோலிங்கனில் செய்த ஒரு கத்தி, செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்) கைப்பிடி, கற்பூர வாடை, பலகை தொட்ட இடத்தில் மட்டும் துரு. செல்லுலாய்டு சிதைந்து அமில ஆவி விடுகிறது. அதை உடனே கழற்றி, மற்ற கத்திகளிடமிருந்து தள்ளி வைத்தாயிற்று. அதற்கு எருமைக் கொம்புப் பலகை தேடிக்கொண்டிருக்கிறேன், 3 மி.மீ., வளைவில்லாததாக.